சித்ராவின் பியட்டும் ராசப்பனின் சொம்பும்

சித்ராவின் பியட் காரை ஒரு முட்டை வண்டி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் விட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே சித்ரா உட்கார்ந்திருந்தார். பிரிவு ரோட்டில் திரும்பியதிலிருந்து காருக்குப் பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். கையில் ஒரு மரக்கட்டை. கார் நின்றதும் கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகி, டிக்கியை இரண்டு தட்டுத் தட்டி, "போதும், போதும், நின்னுக்கலாம்" என்று குரல் கொடுத்தார். அவர்தான் சித்ராவின் வீட்டுக்காரர் ராசப்பன்.

லாரி ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்ததுமே விளங்கிவிடும். டிரைவர் ஓட்டுவார். கிளீனர் இறங்கிக் கட்டை வைப்பார், தண்ணீர் பார்ப்பார், ரைட் சொல்வார். இந்தக் குடும்பத்தில் பெண்டாட்டி டிரைவர், புருசன் கிளீனர். வெண்ணந்தூர்ப் பக்கம் ராசப்பனைக் கிளீனர் என்றே கேலி செய்வார்களாம். அவருக்கு அதில் கோபமில்லை. "ஆமாங்க, கிளீனருதானுங்க. சம்பளம் இல்லாத கிளீனரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கோபமெல்லாம் என் பங்கு. ஆட்டையாம்பட்டி பிரிவில் பழைய கார்களுக்கு வேலை பார்க்கும் சந்திரசேகர் என்றால் மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். வண்டியைக் கண்டபடி ஓட்டிக் கெடுத்துவிட்டு வந்து நிற்கிறவரை உட்கார வைத்துக் கொஞ்சவா முடியும்? அன்றைக்கும் பானட்டைத் திறந்து, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோதே எனக்கு ஏறிவிட்டது. ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது.

என்ஜினுக்கு மேல் மூடி போல உட்கார்ந்திருக்கிற அலுமினியக் கட்டியை ஹெட் என்போம். கீழே இருப்பது இரும்பு பிளாக். இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் என்று ஒரு தகடு. அது கருகினால் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விடும். ஹெட்டைத் தூக்கினால்தான் கேஸ்கெட்டை மாற்ற முடியும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஹெட் வந்தால்.

"வராதுன்னு சொல்லிப்போட்டாருங்க" என்றார் சித்ரா. ராசிபுரத்தில் ஒரு மெக்கானிக் நட்டுகளையெல்லாம் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஹெட் பிடித்துக்கொண்டது, தூக்கினால் உடைந்துவிடும், பேசாமல் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று திரும்ப முடுக்கிக் கொடுத்துவிட்டாராம்.

"அவரு சொன்னது தப்பில்லீங்க அம்மணி. இந்தக் காருக்கு இப்ப வேற ஹெட் கெடைக்கறது குதிரைக் கொம்பு. உடைஞ்சா உடைஞ்சதுதான்."

"தெரியுமுங்கண்ணா. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தது. உடைஞ்சா இனிமே நான் வண்டியே ஓட்டறதில்லைன்னு பையங்கிட்ட வாக்குக் குடுத்துட்டனுங்க."

விசயம் இதுதான். கார் ரோட்டில் கொதித்து நின்றது மல்லூரைத் தாண்டி, பாலத்து மேல். முன்னும் பின்னும் லாரிகள். ஆவி பறக்கிற காருக்குள் சித்ரா. சட்டென்று இறங்கி ஓட அவரால் முடியாது. ராசப்பன் துண்டை வீசிக்கொண்டு நடுரோட்டில் நின்று லாரிகளை ஒதுக்கியிருக்கிறார். யாரோ அதைப் போனில் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட, கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் கௌசிக் அதைப் பார்த்துவிட்டான். அன்றைக்கே கிளம்பி வந்தான். போதும்மா, இனி ஊட்டோட இரு, ஆட்டோ சொல்லிக்கலாம் என்று அழாத குறையாகக் கேட்டிருக்கிறான். நல்ல பையன்தான். பயந்துவிட்டான். பயந்த பிள்ளையிடம் எந்தத் தாயால் மல்லுக்கட்ட முடியும்? ஹெட் முழுசாக வந்தால் ஓட்டுவேன், உடைந்தால் காரைக் கொடுத்துவிடுவேன் என்று சித்ரா சொல்லிவிட்டார். எடைக்கு எடுக்கும் ஆளிடம் கௌசிக் பேசியும் வைத்துவிட்டான்.

"தண்ணியெல்லாம் கரெக்டா ஊத்திருவனுங்க. ஒரு நாளு தவறினதில்ல. எப்படிக் கொதிச்சுதுன்னே தெரியலீங்க" என்றார் ராசப்பன், இடையில் புகுந்து. நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சித்ராவுக்கு இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் போனது. கம்பு ஊன்றி நடப்பார். அந்தக் கம்பு எல்லாவற்றுக்கும் ஆகும். நாய் துரத்தும், மின்விசிறிப் பொத்தானை அழுத்தும், பேச்சு மிஞ்சினால் எதிராளியின் பக்கம் நீளும். வீட்டில் அவருக்கு வரன் தேடி அலுத்துப்போன காலத்தில், பக்கத்துத் தெருவில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ராசப்பனிடம் அவரே நேரில் போய், கட்டிக்கிறீங்களா என்று கேட்டிருக்கிறார். "எல்லாரும் பொண்ணுப் பாக்கத்தான் போவாங்க. நான் மாப்பிள்ளை பாக்கப் போனேனுங்க. ஆளு தறியை நிறுத்திப்போட்டு என்னையப் பாத்தாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லும்போது சித்ராவின் முகத்தில் கொஞ்சம் வெட்கமும் நிறையக் கர்வமும் தெரியும். ராசப்பன் வேறு எங்கோ பார்ப்பார்.

கார் வந்தது அதற்கப்புறம். வெண்ணந்தூரைச் சுற்றி வீட்டுத்தறிகளில் நெய்கிற சேலைகளை வாங்கி இளம்பிள்ளை ஊர்க் கடைகளில் சேர்ப்பதும், அங்கிருந்து நூலும் டிசைனும் கொண்டுவந்து தறிக்காரர்களிடம் கொடுப்பதும் சித்ராவின் தொழில். முதலில் பஸ்ஸில்தான் போனார். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் சேலைக் கட்டு, கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. ஒரு முறை விழுந்து எழுந்த பிறகு, ராசிபுரத்தில் ஒரு டாக்டர் விற்ற இந்தப் பழைய பியட்டைத் தவணையில் வாங்கிவிட்டார்.

கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டுமே? ஒரு லேத்காரரைப் பிடித்து, ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் ஒரு இரும்பு லீவர் வைத்துக் கிளட்சோடு இணைத்துக்கொண்டார். வலது கையால் லீவரை இழுக்க வேண்டும், இடது கையால் கியர் போட வேண்டும். அந்த ஒரு நொடி ஸ்டியரிங்கை அவருடைய வலது முழங்கைதான் பார்த்துக்கொள்ளும். ஒரு தரம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். குலதெய்வத்தை அவ்வளவு மனதாரக் கும்பிட்டதில்லை. ஆனால் கார் ஒரு சாண் விலகவில்லை.

தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள் ஓட்டிப் பழகியிருக்கிறார். அப்போதும் ராசப்பன் கட்டையோடு காருக்கு இணையாக ஓடியிருக்கிறார். அவருக்குக் கார் ஓட்டப் பயம். சைக்கிளைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. ஆனால் அந்தக் காருக்கு அவர் செய்கிற பணிவிடையைக் கோயில் தேருக்குக்கூட யாரும் செய்ததில்லை. விடிந்ததும் துடைப்பார். டயரைத் தட்டிப் பார்ப்பார். வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய் போர் போட்டுக் கொடுக்கும். சொந்த வீட்டில் போட்டால் புகைதான் வரும். ராசப்பன் வீட்டில் மூன்று முறை போட்டுப் புழுதி பறந்தது. நாலாவது போரில், எல்லாரும் கைவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், தண்ணீர் பொங்கியது. சித்ரா இனி ஒரு குடம் தண்ணீருக்காக யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை என்று ராசப்பன் அந்த ஈரப் புழுதியிலேயே உட்கார்ந்து அழுதாராம். உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளை படியும். அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. காலையில் மோட்டார் போட்டதும் முதல் சொம்பு வாசலில் சாமிக்கு. இரண்டாவது சொம்பு காரின் ரேடியேட்டருக்கு.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று நான் ஹெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

தண்ணீரை வடித்தேன். புளிக்கரைசல் மாதிரி வந்தது. கார்புரேட்டர், சைலன்சர் குழாய், மேல் மூடி, ராக்கர், புஷ் ராடு எல்லாம் ஒழுங்காகக் கழன்றன. நட்டுகளும் கழன்றன. ஹெட் மட்டும் அசையவில்லை. பிளாக்கில் ஊன்றி வைத்த இரும்புக் கம்பிகள் ஹெட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அவற்றை ஸ்டட் என்போம். அந்தக் கம்பிக்கும் அலுமினியத்துக்கும் இடையில் வெள்ளையாக ஏதோ பூத்துச் சிமெண்ட் மாதிரி இறுகிப்போயிருந்தது.

ஒவ்வொரு ஸ்டட்டின் வேரிலும் துருவை இளக்கும் எண்ணெய் விட்டேன். ஊறட்டும் என்று விட்டு, மறுநாள் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சொன்னவர் அம்மியைத்தான் பார்த்திருக்கிறார், பியட் ஹெட்டைப் பார்த்ததில்லை. சந்தில் உளியை விட்டு நெம்பலாம்தான். அலுமினியம் மெத்தென்ற உலோகம். ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியாகத் தண்ணீர் கசியும். அவசரக்காரன்தான் நான். ஆனால் உளியை மட்டும் கையில் எடுப்பதில்லை.

அடுத்து, மேலே தொங்குகிற செயின் புல்லியை ஹெட்டில் மாட்டி இழுத்தேன். அன்று புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சங்கிலி முறுக்கேறியது. "ஏறுதுங்க, ஏறுதுங்க!" என்று ராசப்பன் குதித்தார்.

"ஏறுறது ஹெட் இல்லீங்ணா. காரு" என்றேன். முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பி ஆடிக்கொண்டிருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்த முகம் அப்படியே வாடியது. ஞாயிற்றுக்கிழமை எடைக்காரரைக் கூட்டிக்கொண்டு கௌசிக் வருகிறான் என்றார். அதற்குள் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார்.

"உடறதா? என்னைய என்னன்னு நெனச்சீங்க?" என்று நான் கத்தினேன். உண்மையில் எனக்கும் நம்பிக்கை குறைந்துகொண்டுதான் வந்தது.

ஒரு வழி பாக்கி இருந்தது. பிளக் ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் கயிற்றைத் திணித்துவிட்டு, என்ஜினைக் கையால் சுற்றினால், மேலே ஏறுகிற பிஸ்டன் கயிற்றை நெருக்கும், கயிறு ஹெட்டை உள்ளிருந்து தள்ளும். வெளியிலிருந்து இழுப்பதைவிட இது மேல். காயம் படாது. ஆனால் நைலான் கயிறு வழுக்கியது. கடைக் கயிறு தடித்துப்போய் ஓட்டைக்குள் நுழையவில்லை. மெல்லிசாக வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும், அறுந்து உள்ளே விழவும் கூடாது. எரிச்சலில் நான் கயிற்றைத் தூக்கி எறிந்தேன். ராசப்பன் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பஞ்சு நூலுல முறுக்கித் தரட்டுங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். தறியில் பாவு ஓட்டி மீந்த நூலைப் பல இழை சேர்த்து முறுக்கி, சுண்டுவிரலைவிட மெல்லிசாக இரண்டு நீளக் கயிறு. தொட்டால் குழந்தைக்குக் கட்டுகிற அரைஞாண் மாதிரி இருந்தது. பின்னாலேயே கௌசிக்கும் சித்ராவும் வாடகைக் காரில் வந்தார்கள். எடைக்காரரை மத்தியானம் வரச் சொல்லியிருப்பதாகக் கௌசிக் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

முதல் சிலிண்டரும் நாலாவது சிலிண்டரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இரண்டிலும் கயிற்றை விட்டால் ஹெட் சாயாமல் ஏறும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தேன். கயிற்றைத் திணிக்கும் வேலையை ராசப்பன் வாங்கிக்கொண்டார். தறியில் இழை கோத்த விரல்கள் அல்லவா? இந்த ஓட்டையில் ஒரு முழம், அந்த ஓட்டையில் ஒரு முழம் என்று இரண்டுக்கும் அளவு மாறாமல் உள்ளே விட்டார். நுனியை மட்டும் முடிச்சுப் போட்டு வெளியில் வைத்தார்.

என்ஜினைச் சுற்றுகிற கிராங்க் நட்டில் நீளக் கைப்பிடியைப் போட்டு நான் அழுத்தினேன். கொஞ்சம் சுற்றி நின்றது. இன்னும் அழுத்தினேன். நகரவில்லை. கௌசிக் தானாக வந்து என் கைக்குப் பக்கத்தில் கை வைத்தான். இரண்டு பேரும் சேர்ந்து மெல்ல, மெல்ல அழுத்தினோம். உள்ளே எங்கோ கிர்ரென்று ஒரு முனகல். ஸ்டட்டின் வேரிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"நிறுத்துங்க!" என்று ராசப்பன் குனிந்து பார்த்தார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் நகக்கண் அளவு வெளிச்சம் தெரிந்தது.

அப்புறம் அவசரப்படவில்லை. பிஸ்டனை இறக்குவோம், ராசப்பன் இன்னும் கொஞ்சம் கயிறு விடுவார், மறுபடி அழுத்துவோம், எழும்பிய சந்தில் மர ஆப்பு வைப்போம். இப்படி நூல் நூலாக ஏறி, கடைசியில் ஹெட் ஸ்டட்டுகளை விட்டுக் கழன்று எங்கள் கைக்கு வந்தது. முழுசாக வந்தது. ஒரு மூலைகூடப் போகவில்லை. சித்ரா கம்பை ஊன்றாமலே எழுந்து நின்றுவிட்டார். கௌசிக் அம்மாவைப் பார்த்து, தோற்றவன் மாதிரியும் ஜெயித்தவன் மாதிரியும் ஒரு சிரிப்புச் சிரித்தான்.

ஹெட்டை மேசையில் குப்புறப் போட்டேன். தண்ணீர் போகிற ஓட்டைகளின் ஓரமெல்லாம் கரையான் அரித்தது போல் தின்னப்பட்டிருந்தன. வழியெல்லாம் சுண்ணாம்புப் படிவம், சட்டியில் அடிப்பிடித்த கஞ்சி மாதிரி. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எந்த மடையன் இதுக்குள்ள உப்புத் தண்ணிய ஊத்துனது? காரு என்ன கருவாட்டுப் பானையா? வருசக்கணக்கா ஊத்திக் கொன்னிருக்கான் பாரு!" என்று கத்தினேன்.

ராசப்பன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவது நின்றது.

"நாந்தானுங்க" என்றார். "தினமும் காலையில ஒரு சொம்பு. நம்ம போர்த் தண்ணி."

என் நாக்கை அறுத்துப் போடலாம் போல் இருந்தது. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா? என்னென்னவோ உளறினேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஊற்றுகிறார்கள் என்றேன். அது உண்மையும்கூட. போர் போட்டுத் தண்ணீர் கண்டவன் அதைக் குடிக்கத் தருவான், மாட்டுக்கு வைப்பான், வண்டிக்கும் ஊற்றுவான். கெட்டது செய்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்? நான் சொன்னது எதுவும் ராசப்பனுக்குள் இறங்கவில்லை. ஹெட்டின் அரித்த ஓரத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு மகனிடம் திரும்பினார். "சாமி, அந்த ஆளை வரச் சொல்லிரு. குடுத்துரலாம். நல்லா ஓடுன வண்டிய நானே அரிச்சுத் தின்னுருக்கேன். பாலத்து மேல உங்கம்மா சிக்கினதும் என்னாலதான். நாளைக்கு இன்னொண்ணு ஆனா என்னால தாங்க முடியாது. குடுத்துரு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறது என்று எனக்குப் பதறியது. உடைந்தால் கொடுப்பதாகத்தான் பேச்சு. உடையவில்லை. உடையாத ஹெட்டை வைத்துக்கொண்டு இந்த மனுசன் காரைக் கொடுக்கச் சொல்கிறார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார் சித்ரா.

ராசப்பன் நிமிர்ந்தார்.

"உப்புத் தண்ணி ஆகாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். இளம்பிள்ளையில ஒரு லாரி டிரைவரு மூடியத் தெறந்து பாத்துப்போட்டு வையாத குறையாச் சொன்னாரு. ஊட்டுக்கு வந்து, இனிமே ஊத்தாதீங்கன்னு உங்ககிட்டச் சொன்னேன். ஞாபகம் இருக்குதுங்களா? நீங்க மறுக்கா ஒரு வார்த்தை கேக்கல. ஆனா அந்த வாரம் பூராக் காருகிட்டயே வரல. சொம்பைக் கையில புடிச்சுட்டு வாசல்ல நின்னுட்டு, அப்படியே உள்ள போனீங்க. எனக்குப் பாக்கச் சகிக்கல. அப்புறம் நாந்தான், சும்மா சொன்னேன், ஊத்துங்கன்னு சொன்னேன்."

"கெடும்னு தெரிஞ்சேவா?"

"ரேடியேட்டரு போகும்னு நெனச்சேன். ரெண்டு தடவ போச்சு, மாத்தினேன். ஹெட்டுக்கு வரும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. வண்டி ஓட்டறது நானு. வாங்கறது விக்கறது நானு. ஊரெல்லாம் என்னையத்தான் கேக்குது. அந்த ஒரு சொம்புத் தண்ணிதானுங்க இந்த வண்டியில உங்க பங்கு. அதை நான் எப்படிப் புடுங்குவேன்?"

ராசப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஸ்பேனரைத் தேடுவது போல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

"வண்டியக் குடுக்கறதா இருந்தா நான் முடியாமக் குடுக்கோணும். நீங்க தண்ணி ஊத்துனீங்கன்னு குடுக்க மாட்டேன்" என்றார் சித்ரா.

கௌசிக் வெளியே போனான். எடைக்காரரிடம் போனில் ஏதோ பேசினான். திரும்பி வந்து, "இதை எங்க குடுக்கோணுங்ணா? நானே கொண்டுபோறேன்" என்று ஹெட்டைச் சாக்கில் சுற்றித் தூக்கினான். சேலத்தில் ஒரு லேத் பட்டறையின் வழியைச் சொன்னேன். அரித்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, முகத்தை மட்டமாக இழைத்துக் கொடுத்தார்கள். நான் ரேடியேட்டரை மாற்றி, வழிகளையெல்லாம் சுரண்டிக் கழுவி, புதுக் கேஸ்கெட்டோடு பூட்டினேன். தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைக் கூலண்ட் நிரப்பினேன். சாவியைத் திருப்பியதும் பியட் இருமாமல் பிடித்துக்கொண்டது.

கார் எடுக்க வந்த அன்று ராசப்பன் பட்டறைக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கூப்பிட்டேன். "இருக்கட்டுங்க. இனி அங்க எனக்கென்ன வேலை?" என்றார். சித்ரா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவரும் கூப்பிடவில்லை. ஆனால் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, கேட்டுக்கு வெளியிலும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார். "சேகரண்ணா, இந்தப் பச்சைத் தண்ணிய எப்பெப்பப் பாக்கோணுங்க?"

மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம். நான் பூட்டிய என்ஜினில் ஒரு சொட்டு வெளியே போகாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சித்ரா என்னைப் பார்த்த பார்வையில் வாய் வேறு வார்த்தையைப் பேசிவிட்டது.

"தினமும் பாக்கோணுங்க அம்மணி. விடியறப்ப, என்ஜினு ஆறியிருக்கையில. குறைஞ்சிருந்தா இந்தக் கேன்ல இருந்து அளவா ஊத்தோணும். உங்களால குனிஞ்சு பாக்க முடியாது. பொறுப்பான ஆளு ஒருத்தரு வேணும்."

ராசப்பன் மெல்ல உள்ளே வந்தார். கேனை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். எவ்வளவு ஊற்ற வேண்டும், எந்தக் கோடு வரை, சூட்டில் திறக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் ஒரு தரம் கேட்டார். கேனைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

சில மாதம் கழித்து சித்ரா தனியாக வந்தார். இன்னொரு கேன் கூலண்ட் வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கேன் எப்படித் தீரும்? எங்கோ கசிகிறது. என் வேலையில் கசிவு! படபடவென்று பானட்டைத் திறந்தேன். ஹோஸ், பம்ப், ஹெட்டின் ஓரம் எல்லாம் தடவிப் பார்த்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். எங்கும் ஈரமே இல்லை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. "தண்ணி எங்கதான் போவுது? குடிக்கறீங்களா?" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

"தேடாதீங்கண்ணா, வெளிய வாங்க" என்றார் சித்ரா.

வெளியே வந்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து நீட்டினார். முழுக்கப் பச்சைக் கூலண்ட் இருந்தது. கூடவே கோழிப் பண்ணையில் மருந்து போடுகிற பெரிய சிரிஞ்சு ஒன்று.

"அவரு எந்திரிக்கறதுக்கு முன்னாடி நான் இத்தனூண்டு உறிஞ்சி எடுத்துருவனுங்க. மூடியத் தெறந்து பாக்கறப்பக் குறைஞ்சிருக்கோணுமில்லீங்க" என்றார்.

நான் பாட்டிலை வாங்கினேன். துணி வைத்து வடிகட்டி, காலிக் கேனில் ஊற்றி, மூடியைப் புதுசு போல இறுக்கிக் கொடுத்தேன்.